தகரத்தில் ஒரு பனி வண்டி

மாலை நான்கு பத்து. உறையைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது ஒரு பெரிய வட்டம். சதுரச் சட்டத்துக்குள் சக்கரம் போல ஒன்று, அதில் பத்துத் தகடுகள், பின்னால் புகை. பக்கத்தில் தொப்பி போட்ட ஓர் ஆள். ரயில் பாதையில் குவிந்த பனியை வெட்டி ஓரமாக வீசும் இயந்திரம் என்று படத்தின் பின்பக்கம் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

1958 ஆகஸ்ட். நான் அப்போது சிங்கப்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியர். வெளிநாட்டுப் படங்கள் கட்டாக வரும். வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கூடையில் போடுவோம். எங்கள் வாசகர்களுக்குப் பனியால் ஆவது ஒன்றுமில்லை. கூடையில் போட்டேன். வீட்டுக்குக் கிளம்பும்போது திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. டைபாய்டு. பொது மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தாள். கல்யாணமாகி மூன்று வருடம், பிள்ளை இல்லை. இரங்கல் விளம்பரத்தை நானே பிழை திருத்தி அச்சுக்கு அனுப்பினேன். பதினேழாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். சாப்பாடு ருசித்ததா என்று யாராவது கேட்டால், சாப்பிட்டேனா என்பதே யோசித்தால்தான் தெரியும்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், காப்பிக் கடைக்கு மேலே என் அறை. அந்த வாரம் ஜாலான் புசாரில் ஓர் இரும்புக் கடைக்குப் போய்த் தகரம் வெட்டும் கத்தரி, ஈயக் கம்பி, பித்தளை வளையங்கள் வாங்கினேன். என்ன செய்யப் போகிறாய் என்று சீனக் கடைக்காரர் மலாயில் கேட்டார். தண்டவாளத்தில் ஐஸ் விழுந்தால் தள்ளுகிற வண்டி என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இங்கே ஐஸ் விற்றால் காசு. தள்ளினால் யார் தருவார் லா?” என்றார்.

படத்தை வைத்து அளவு எடுத்தேன். தொப்பிக்காரர் ஆறடி என்று வைத்துக்கொண்டேன். அதிலிருந்து சட்டத்தின் உயரம் பத்தரை அடி வந்தது. என் மாதிரி வண்டிக்கு ஓர் அடிக்குக் கால் அங்குலம். உடம்புக்கு மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரித்தேன். தகடுகளுக்குப் பால்மாவு டின். பெரிய வளையத்தின் மேல் சின்ன வளையத்தை வைத்துப் பற்றவைத்தால் விளிம்புள்ள ரயில் சக்கரம் கிடைத்துவிடும். பற்றவைக்கும் இரும்புக் கோலை அடுப்பில் காயவைத்து ஈயத்தைத் தொடுவேன். படத்தில் முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. பக்கவாட்டுக்காகத் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்குப் போய், ஒரு சரக்கு வண்டியை அரைமணி நேரம் நின்று பார்த்து வந்தேன்.

அலுவலகத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. “அண்ணே, புக்கித் தீமாவுல பனி கொட்டுதாம். ரயிலு நின்னுடுச்சு. உங்க வண்டிய எப்ப அனுப்புறீங்க?” என்று அச்சுக் கோப்பவர் தினமும் கேட்பார். நான் சிரிப்பேன். சிரிக்க வேண்டிய இடம் அது என்று தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் வீட்டிலிருந்து சாப்பாடு வரும். மனைவியின் தங்கை கொண்டுவருவாள். வயது பத்தொன்பது. முன்பெல்லாம் மாமாவும் அவளோடு மேலே வருவார். செப்டம்பரிலிருந்து அவர் காப்பிக் கடையிலேயே உட்கார்ந்துகொண்டு, அவளை மட்டும் மேலே அனுப்பினார். மூத்தவள் போனால் இளையவளைக் கட்டிவைப்பது எங்கள் குடும்பங்களில் உள்ள வழக்கம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

அவள்தான் ஒரு ஞாயிறு பேசினாள். வாசலிலேயே நின்றாள்.

“அத்தான், தலைத்திவசம் முடிஞ்சதும் தையில வெச்சுக்கலாம்னு அப்பா பேசிக்கிட்டிருக்காரு. உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எனக்கு டீச்சர் டிரெய்னிங்கு எடம் கெடச்சிருக்கு. ஜனவரியில சேரணும். கல்யாணம்னா அதெல்லாம் எதுக்குங்குறாரு.” படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். “நான் வேணாம்னா திமிருன்னுவாங்க. நீங்க வேணாம்னா அதோட முடிஞ்சுது. நீங்க சும்மா இருக்கிறதையே சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க அத்தான்.”

“சொல்றேன்” என்றேன்.

சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மாமாவோடு கடையில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். வாடகையைப் பற்றிப் பேசினார். மேலே வந்து நான்கு தகடுகளைப் பற்றவைத்தேன். அதற்கடுத்த ஞாயிறு மிச்சம் ஆறு. அவள் சாப்பாட்டை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். “சொல்லல இல்ல?” என்பாள். “இந்த வாரம்” என்பேன். இறங்கிப் போவாள்.

அக்டோபர் கடைசியில் வண்டிக்குச் சாயம் அடித்தேன். உடம்பு முழுக்கக் கறுப்பு. சட்டத்தின் கீழ்ப்பாதியும் தகடுகளின் ஓரங்களும் படத்தில் வெள்ளையாக இருந்தன. இங்கே லெவல் கிராசிங் கம்பத்துக்கும் சாலையோரக் கல்லுக்கும் இருட்டில் தெரிவதற்காக வெள்ளை அடிப்பார்கள். அங்கேயும் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளையின் மேல்கோடு நேராக இல்லை, திட்டுத்திட்டாக இருந்தது. சாயம் பெயர்ந்திருக்கும் என்று நினைத்து, அதையும் பூதக்கண்ணாடியில் பார்த்து அப்படியே வரைந்தேன். மூன்று பூச்சு.

அடுத்த ஞாயிறு அவள் வந்தபோது வண்டி காய்ந்திருந்தது. முதல்முறையாகக் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். பிறகு படத்தை எடுத்தாள்.

“வெள்ள எதுக்கு அத்தான்?”

“படத்துல இருக்கு.”

“இது பெயிண்ட் இல்லயே. பனிதானே ஒட்டிக்கிட்டிருக்கு? இந்தத் தொப்பிக்காரர் பூட்ஸ பாருங்க. அதுலயும் இருக்கு. ரயில்வேக்காரங்க அவருக்குமா பெயிண்ட் அடிச்சாங்க?”

படத்தை வாங்கிப் பார்த்தேன். பூட்ஸ் முழங்கால் வரை வெள்ளை. அவருடைய தோளிலும் இருந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் அந்த ஆளை அளவுகோலாக வைத்திருந்தேன். தலையிலிருந்து கால் வரை பலமுறை அளந்திருந்தேன்.

அவள் படத்தை மேசையில் வைத்தாள். மாமாவிடம் சொன்னேனா என்று அன்று கேட்கவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டாள் என்பது எனக்குப் புரிந்தது.

“இங்கயே இரு” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். கையில் பழைய சாயக் கறை இருந்தது. மாமா காப்பியைச் சாசரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார்.

“மாமா, தையில ஒண்ணும் வேணாம்.”

“அப்ப மாசியா?”

“எனக்குக் கல்யாணமே வேணாம்.”

சாசரை மேசையில் வைத்தார். “எம் பொண்ணுகிட்ட என்ன கொற?”

“கொற ஒண்ணும் இல்ல.”

“வேற எடம் பாத்துட்டீங்களா மாப்பிள்ள?”

“இல்ல.”

“மனுசன் ஒரு காரணமாச்சும் சொல்லணும். பத்து மாசமா வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுட்டு, இப்ப வந்து வேணாம்னா நான் ஊருக்கு என்ன சொல்றது?”

அவள் சொன்னதைச் சொல்ல முடியாது. வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. “காரணம் இல்ல மாமா” என்றேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா மாடிப்படியைப் பார்த்து அவளைக் கூப்பிட்டார். அவள் இறங்கி வந்தாள். என்னைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் நடந்தாள். இருவரும் சிராங்கூன் சாலைப் பக்கம் திரும்பினார்கள். மணி பன்னிரண்டே முக்கால்.

பிற்பகலில் வெள்ளையைச் சவரப் பிளேடால் சுரண்டிவிட்டுக் கறுப்பு அடித்தேன்.

தலைத்திவசத்துக்கு அவர்கள் யாரும் வரவில்லை. நானும் ஐயரும் மட்டும் இருந்தோம். ஜனவரியில் அவள் பயிற்சியில் சேர்ந்துவிட்டதாக அச்சுக் கோப்பவர் சொன்னார். அவருடைய தம்பி மகளும் அங்கேதான் படித்தாள். மாமனார் வீட்டுக்கு நான் அடுத்துப் போனது ஏழு வருடம் கழித்து, அவர் இறந்த அன்று.