மருந்து வண்டியும் என் தலையும்

ஓசூர் சிப்காட்டில் நாங்கள் செய்வது புற்றுநோய்க்கான மருந்துச் சரக்கு. அணு உலையில் கதிர்பட்டு வரும் இட்டர்பியத்தைக் கரைத்து, பிசின் நிரப்பிய குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கி, அதில் பிறந்திருக்கும் கொஞ்சூண்டு லுட்டீசியத்தைப் பிரித்தெடுப்போம். வைத்திருந்தால் தேய்ந்துகொண்டே போகும் சரக்கு. அன்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஓர் அம்மாள் எங்கள் புட்டிக்காகவே அட்மிட் ஆகிக் காத்திருந்தார்.

புட்டி ஈயப் பெட்டிக்குள்ளும், பெட்டி பெங்களூர் வண்டிக்குள்ளும் போயின. வெளிவாசலில் கதிர் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கருவியை உடம்பில் ஓட்டினேன். கை, கால் சும்மா இருந்தன. தலைக்குக் கொண்டுபோனதும் கிரிகிரி என்று கத்தியது.

பதறக் கூடாது என்று புதியவர்களுக்கு வகுப்பெடுப்பவன் நான்தான். பெஞ்சில் உட்கார்ந்து, மகள் கல்யாணத்தில் யார் தாரை வார்ப்பார்கள் என்று யோசித்தேன்.

கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். பக்கத்துப் பேரிகை ஊர்க்காரர், எதற்கும் குரல் உயராது.

"வண்டியை நிறுத்துங்க. கசிவு எங்கன்னு தெரியாம புட்டி போகாது."

"மேடம், நான் பொழப்பேனா?"

"தலையை ஆட்டாம இருந்தா பாத்துச் சொல்றேன் சார்."

எந்தத் தனிமத்தின் கதிர் என்று காட்டும் வேறொரு கருவியைத் தலையருகே வைத்தார்.

"நம்ம சரக்கே இல்ல, அயோடின். வீட்ல யாருக்காச்சும் தைராய்டு வைத்தியமா?"

மனைவியின் தம்பிக்கு. தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க அயோடின் விழுங்கிவிட்டு எங்கள் மாடி அறையில் இருந்தான். அந்த அயோடின் எச்சிலிலும் வேர்வையிலும் வெளியே வரும் என்பதால் தனித் தட்டு, தனித் தம்ளர், தனிக் கழிப்பறை என்று சட்டம் போட்டவனும் நானே. போன் போட்டேன்.

"டேய், நேத்து எங்கடா போன?"

"சும்மா அத்திப்பள்ளி வரைக்கும் மாமா, உங்க பைக்ல. பார்டர் தாண்டினா போலீஸ் பிடிப்பான்ல, அதான் ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டேன். ஒரே வேர்வை."

எங்கள் பக்கம் ஹெல்மெட் வண்டிக்குச் சொந்தம், தலைக்கு அல்ல. ஓசூருக்குள் கண்ணாடியில் தொங்கும். கர்நாடகம் வந்தால் ஓட்டுகிறவன் தலையில் ஏறும். அதற்கொரு சட்டம் போட எனக்குத் தோன்றவில்லை. அன்று காலை தூறல் என்று நானும் மாட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

அதிகாரி அறையையும் பெட்டியையும் துடைத்துச் சோதித்தார். சுத்தம். வண்டியை விடச் சொல்லிவிட்டு என்னிடம் ஷாம்பு பாக்கெட்டை நீட்டினார்.

எத்தனை அலசியும் கருவி முனகியது. கடைசியில் மெஷின் வைத்து வழித்தார்கள். அம்மாளுக்கு மருந்து ஏற ஆரம்பித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தபோது நான் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். அதிகாரி முடியைப் பையில் கட்டி, கதிர் ஆறும்வரை கழிவு அறையில் வைக்கச் சொன்னார்.

"ஆறினதும் திருப்பதிக்கு அனுப்பிடட்டுமா சார்?"

"இல்ல மேடம். பெஞ்சில உக்காந்து வேண்டிக்கிட்டது பழனிக்கு."