முன்னதாகத் தொங்கிய கூடை

ஸ்கார்பெக் என்ற எங்கள் மலையடிவாரச் சிற்றூரில் ஆற்றை ஒட்டியிருக்கும் கடைசித் தெருவுக்கு மில் வரிசை என்று பெயர். மூடிப்போன கம்பளி ஆலைக்காக ஒரு காலத்தில் கட்டப்பட்ட கல் வீடுகள், தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. ஒவ்வொரு வீட்டின் முன்சுவரிலும் ஓர் இரும்புக் கொக்கி அறைந்திருக்கும். கோடையில் அதில் பூக்கூடை தொங்கும். அதை என்றைக்குத் தொங்கவிடுவது என்று நாங்கள் யாரும் நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்ததில்லை. வில்ஃப் சக்டன் தம் கூடையைத் தொங்கவிட்டால், அன்று மாலைக்குள் வரிசை முழுவதும் தொங்கவிடும். அதுவே வழக்கம்.

வில்ஃப் ஆலையின் சாயப் பிரிவில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் அவருடைய நக ஓரங்களில் ஒரு நீலம் தங்கியிருந்தது. தேவைக்கு மேல் பேசமாட்டார். எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் குளிர் தண்ணீரைப் போல வழிந்து வந்து இங்கே தேங்கும். மேட்டுத்தெருவில் உறைபனி இல்லாத இரவுகளிலும் எங்கள் புல் வெளுத்திருக்கும். ஆகவே வில்ஃப் மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமைக்கு முன் எந்தச் செடியையும் வெளியே விட்டதில்லை. எவ்வளவு வெயில் அடித்தாலும், மதுக்கடைக்காரி பெரில் ஹாலஸ் எவ்வளவு கெஞ்சினாலும், "இன்னும் இல்ல" என்பார். அந்த இரண்டு சொற்களை நம்பித்தான் வரிசைக்கு ஆண்டுதோறும் ஜூலையில் அழகான பூந்தெருவுக்கான ஊர்க் கோப்பை கிடைத்துவந்தது.

அந்த வசந்தத்தில் அவர் மனைவி மேவிஸ் இறந்துகொண்டிருந்தாள். தெருவில் யாருக்கும் தெரியாது. முதுகுவலி என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். மாடியிலிருந்த கட்டிலை வில்ஃப் முன்னறைக்கு இறக்கி, ஜன்னலில் இருந்த வலைத்திரைக்குப் பின்னே கீழ்ப்பாதிக்கு மட்டும் இன்னொரு திரையும் மாட்டிவிட்டார். இதெல்லாம் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னது.

"ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதே" என்று மேவிஸ் சொல்லியிருந்தாள். "கேக்கைச் சுட்டு எடுத்துக்கிட்டு, மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு வரிசையா வந்து உட்காருவாளுக. எனக்கு வேண்டாம்."

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ஃப்யூஷா பூ இயல்பாகவே தலைகீழாகத் தொங்கும். சிவப்புப் பாவாடைக்குள்ளே ஊதாப் பாவாடை உடுத்தியதுபோல் இருக்கும். நின்று பார்ப்பவனுக்கு அதன் முதுகுதான் தெரியும். கீழே படுத்திருப்பவனுக்கே முழு முகமும் தெரியும். இத்தனை வருஷமும் நடந்தபடி பார்த்ததைப் படுத்தபடி ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றாள். மருத்துவர் சொன்ன கணக்கில் மே மாதக் கடைசி இல்லை.

வில்ஃப் கொல்லையில் ஒரு வாளியைக் கவிழ்க்காமல் நிறுத்தி, உருண்டைக் கம்பிக்கூடையை அதன் வாயில் உட்காரவைத்தார். உள்ளே ஈரப்பாசியைத் திணித்து, மண்ணை நிரப்பி, லொபீலியா என்ற சிறு பூச்செடியின் நாற்றுகளை எடுத்து, அவற்றின் வேரைக் காகிதத்தில் சுருட்டிக் கம்பியிடுக்கு வழியே வெளியிலிருந்து உள்ளே செருகினார். நடுவில், கண்ணாடி வீட்டில் தாம் முன்கூட்டியே வளர்த்த ஃப்யூஷா. அதில் மொட்டுகள் கண்டிருந்தன. மே நடுவில், வெயில் நன்றாக இருந்த ஒரு முற்பகலில், அதை மேவிஸின் ஜன்னலுக்கு நேரே கொக்கியில் மாட்டிவிட்டு, அவளுக்குக் கஞ்சி ஊட்ட உள்ளே போனார்.

கஞ்சியும் மருந்தும் கொடுத்து, அவள் தூங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு அவர் வெளியே வந்தபோது, வரிசையின் இரு பக்கமும் கூடைகள் ஆடிக்கொண்டிருந்தன. ஏணியின் மேல் பெரில் நின்றிருந்தாள்.

"என்ன கண்ணு, இந்த வருஷம் எங்க மேல இரக்கம் வந்துருச்சா?" என்றாள். பெரிலுக்கு எல்லோரும் கண்ணுதான், தொண்ணூறு வயதுக் கிழவனும் கடன்காரனும் உட்பட.

"எடுத்து உள்ள வை பெரில். இன்னும் இல்ல."

"அப்ப உங்களது?"

"அது வேற."

"என்ன வேற? உங்க செடிக்குக் கம்பளிச் சட்டை போட்டிருக்கீங்களா?"

எதிர்வீட்டு டெரெக் பூத் சிரித்தான். "பெரியவருக்குக் கோப்பை தனியா வேணும்போல. நம்மளது பூக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அவருது பூத்துக் குலுங்கணும்."

வில்ஃப் தம் ஜன்னலைத் திரும்பிப் பார்த்ததை என் வாசலிலிருந்து கண்டேன். எல்லோரையும் நம்பவைக்க அவரிடம் ஒரே வாக்கியம் இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. உள்ளே போய்விட்டார். கூடைகள் வெளியே நின்றன.

அந்த வாரக் கடைசியில் மழை விட்டு வானம் துடைத்தாற்போல் தெளிந்தது. சாயங்காலம் காற்று நின்றது. ஆலைப் புகைபோக்கியின் விளிம்பு கத்தியால் கீறியதுபோல் துலங்கியது. வில்ஃப் தம் கூடையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வரிசையில் கதவுகளைத் தட்டத் தொடங்கினார்.

"இன்னைக்கு ராத்திரி பனி விழும்" என்றார் டெரெக்கிடம். "எடுத்து உள்ள வை, தம்பி. முடியாட்டி பழைய திரைத்துணி இருந்தா போர்த்து. இலையில படாம, தளர்வா."

"ரேடியோல ஒண்ணும் சொல்லலையே. நீங்க தொங்கவிடுவீங்களாம், நாங்க தொங்கவிட்டா பனி விழுமாம்."

மூன்றாவது கதவைத் தட்டும்போது அவர் வீட்டுக்குள்ளிருந்து மணி அடித்தது. மேவிஸின் கட்டிலருகே வைத்திருந்த கைமணி. அவர் திரும்பி ஓடினார். அன்றைய வலி மருந்துக்கு அடங்காத வலி. அதற்குமேல் அவர் வெளியே வரவில்லை.

சிலர் கூடைகளின் மேல் பிளாஸ்டிக் பைகளைக் கவிழ்த்து இறுகக் கட்டினார்கள். பெரும்பாலோர் ஒன்றும் செய்யவில்லை. காலையில் புல் வெள்ளையாக இருந்தது. எங்கள் தெருவின் ஒரு முனை கிழக்கே திறந்திருக்கும். பனி இளகுவதற்குள் வெயில் நேரே அடித்தது. கூடைகளிலிருந்த பிகோனியாப் பூச்செடிகள் வேகவைத்த கீரையாகத் துவண்டு வழிந்தன. பிளாஸ்டிக் ஒட்டிய இடங்களில் இலை கருகியிருந்தது. பாசி மணத்தோடு ஓர் அழுகல் மணம்.

ஒன்பது மணியளவில் வில்ஃப் தம் கூடையை மறுபடி மாட்டினார். ஓர் இலைகூடக் கெடவில்லை.

"பாருங்கப்பா" என்றான் டெரெக், தெரு முழுவதற்கும் கேட்கும்படி. "நம்மளை ஏத்திவிட்டுட்டு, தன்னுதை மட்டும் படுக்கையில போட்டுத் தாலாட்டியிருக்காரு."

"விடு டெரெக்" என்றாள் பெரில். ஆனால் வில்ஃபைப் பார்க்காமல் சொன்னாள். அன்றிலிருந்து யாரும் அவரோடு பேசவில்லை. நானும் தலையசைப்போடு நிறுத்திக்கொண்டேன்.

ஜன்னல் திறந்திருந்தது. மேவிஸ் எல்லாவற்றையும் கேட்டாள்.

"சொல்லிடறதுதானே" என்றாளாம்.

"சொல்லட்டுமா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே மொட்டுகளைப் பார்த்தாள். "வேண்டாம்."

மொட்டுகள் பருத்தன, சிவந்தன, திறக்கவில்லை. குளிர் விடாததால் அவை பொறுத்திருந்தன. அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு பிற்பகல் கூடையைக் கொண்டுவரச் சொன்னாள். வில்ஃப் அதைக் கட்டிலுக்கு மேலே கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நனைந்த கூடை கனத்தது. போர்வையில் தண்ணீர் சொட்டியது. சிறுவயதில் எங்கள் ஊரில் எல்லோரும் செய்து அடிவாங்கிய குறும்பு ஒன்று உண்டு: பருத்த ஃப்யூஷா மொட்டை இரு விரலால் அழுத்தினால் 'பட்' என்று வெடிக்கும். மேவிஸ் கையை உயர்த்தி ஒரு மொட்டை அழுத்தினாள். முதல் தடவை விரலில் வலு இல்லை. இரண்டாம் தடவை வெடித்தது. உள்ளேயிருந்த ஊதா கசங்கி, நிறம் பிடிக்காமல், பாதி விரிந்தது.

"சின்னதா இருக்கு" என்றாள். அந்தப் பூவை அதற்குமேல் அவள் பார்க்கவில்லை. மறுநாள் விடியலில் போய்விட்டாள்.

வில்ஃபின் ஜன்னலில் கனத்த திரை மூடியிருப்பதைக் கண்டுதான் தெரு தெரிந்துகொண்டது. பிறகு ஒவ்வொரு வீடாகத் திரை மூடியது. சாவுக்கு எங்கள் ஊர் மரியாதை அது. பிண ஊர்தி வந்த நாளில் இரு பக்கமும் கொக்கிகள் வெறுமையாக நின்றன. பூத்திருந்தது ஒரே கூடை. அதன் பூக்கள் முந்தின நாள்தான் நன்றாக விரிந்திருந்தன.

ஊர்தி போனபின் டெரெக் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வில்ஃபின் முன் நின்றான். "எங்ககிட்ட ஒரு வார்த்தை..." என்று தொடங்கினான்.

"அவ வேண்டாம்னுட்டா" என்றார் வில்ஃப்.

அடுத்த ஆண்டு மே கடைசித் திங்கட்கிழமை வந்தது. செடிகள் கண்ணாடி வீட்டில் தயாராக இருந்தன. வரிசை அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. செவ்வாய் போனது, வாரம் போனது. செடிகள் நெடுநெடுவென்று வளர்ந்து கழுத்தொடிந்தன. கடைசியில் பெரில் போய்க் கதவைத் தட்டினாள்.

"நாளாச்சு கண்ணு. எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்."

வில்ஃப் அவளைத் தாண்டி எதிர்ச்சுவரின் கொக்கிகளைப் பார்த்தார்.

"இன்னும் இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெரில் ஏணியை எடுக்கவில்லை. டெரெக்கும் எடுக்கவில்லை. அந்த ஜூலையில் கோப்பைக்கான நடுவர்கள் எங்கள் தெருவுக்குள் திரும்பாமலே போனார்கள்.