அம்மாவின் முழங்கால் தேறிய ஆண்டு

வெந்நீர் ஊற்றிய ரப்பர் பைக்கு ஒரு வாசம் உண்டு, வெயிலில் கிடந்த சைக்கிள் ட்யூப் போல. செல்லூரில் தறிக்கூடத்துக்கு மேலிருந்த எங்கள் மாடி வீட்டில், நான் நாலாம் வகுப்பு படித்த ஆண்டு முழுவதும் அந்த வாசம்தான். தொடங்கியது ஆடியிலா ஆவணியிலா என்று யோசித்துப் பார்த்தேன். அம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தபோது காற்று அதைப் பறித்துச் சந்தில் போட்டது, ஆகவே ஆடிதான்.

மிஷன் பள்ளி ஆசிரியையான அம்மாவுக்கு "மூட்டுத் தேய்மானம்" என்றார்கள். ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்து நடந்தால் போதும் என்று டாக்டர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. தேய்மானம் என்ற ஒரு சொல் மட்டும் சந்து முழுக்கப் பரவியது. தறிக்கூடத்தை ஒட்டிக் கீழே குடியிருந்த வீட்டுக்காரரின் மனைவியை நாங்கள் கீழ்வீட்டு அக்கா என்போம், அவர் படியேறி வந்து சொன்னார்: "தேஞ்சது தேஞ்சுபோச்சு டீச்சர். மிச்சத்தையாச்சும் பத்திரமா வச்சிக்கங்க. இனிமே அம்புட்டு நடை எதுக்கு?"

அம்மா நம்பிவிட்டாள். செருப்பைப் போல நடக்க நடக்கத் தேய்வதென்றால் நடக்காமலிருப்பதுதானே காப்பு? பள்ளிக்கு ஆட்டோ, மற்ற நேரமெல்லாம் நாற்காலி. அப்பா லாரியில் வடக்கே போனால் திரும்ப வாரங்களாகும். கடைக்குத் தனியாகப் போனேன். ஞாயிறு மாதா கோயில் பூசைக்கும் தனியாகப் போய், பெஞ்சில் அம்மாவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன். முன்பு தரையில் சேர்ந்தமர்ந்து சாப்பிடுவோம். இப்போது அவள் மேலே, நான் கீழே, அவள் முழங்காலைப் பார்த்துத்தான் பள்ளிக்கதைகளைச் சொல்ல வேண்டியிருந்தது.

வலி கூடியதே தவிரக் குறையவில்லை. ஐப்பசி மழையில் திருமங்கலத்திலிருந்து மாமா வந்தார். "இப்படியே போனா வேலையை விட வேண்டியதுதான்க்கா. எங்க வீட்டுக்கு வந்துரு. பயலை ஆஸ்டல்ல சேத்துருவோம்." கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். ஆஸ்டலுக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று அம்மா விசாரித்தாள். அன்று முதல் அவள் சேலை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்கினேன்.

அந்த வாரமே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போனாள். "நடக்கிறதையே விட்டுட்டேன் சார்" என்று பெருமையாகச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை நீங்க என்ன செய்வீங்க டீச்சர்? தேஞ்சது திரும்ப வளராதுதான். ஆனா தொடைச் சதை பலமா இருந்தா மூட்டுக்குப் பாரம் குறையும். அதை உக்காந்தே கரைச்சிட்டீங்களே!"

பிறகுதான் பாடம் ஆரம்பித்தது. சுருட்டிய துண்டை முழங்காலுக்கடியில் வைத்து அமுக்குவது, நாற்காலியில் இருந்தபடி காலை நீட்டிப் பிடிப்பது, தட்டில் சோற்றைக் குறைப்பது. மாலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சந்தில் நடை. கீழ்வீட்டு அக்கா விடவில்லை: "காலு தேஞ்சது போதாதுன்னு மகன் தோளையும் தேய்க்கிறீங்களா டீச்சர்?"

"அது புதுசுதானே அக்கா, தாங்கும்."

அம்மா அவ்வளவு மெதுவாக என்னோடு நடந்தது அந்த மழைக்காலத்தில் மட்டுந்தான். மார்கழியில் மாதா கோயிலுக்கு நடந்தே வந்தாள். ஆஸ்டல் பேச்சு ஓய்ந்தது. தை பிறந்த பிறகு ஒரு மாலை, தோளிலிருந்து கையை எடுத்து, "போதும்டா, நீ போய் வெளையாடு" என்றாள். மற்ற டீச்சர்களோடு வைகைக் கரைப் பக்கம் வேகமாக நடந்து போனாள். அவள் தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு, விளையாடப் போகாமல் வீட்டுக்கு வந்தேன்.

அந்த முழங்கால்கள் ஆபரேஷன் இல்லாமலே இன்றுவரை தாங்குகின்றன. அவ்வளவு பயந்த ஆஸ்டலுக்கு, கல்லூரி நாளில் நானே ஆசையாகப் போனேன், பிறகு சென்னை. அம்மா இன்னும் அதே மாடி வீட்டில்தான். இப்போது கீழே தறிகள் இல்லை, அட்டைப்பெட்டி குடோன். அப்பாவும் இல்லை, கீழ்வீட்டு அக்காவும் இல்லை. கூட நடந்த டீச்சர்கள் பிள்ளைகள் இருக்கும் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். அம்மாவால் யார் துணையும் இல்லாமல் படியிறங்க முடிகிறது என்பதால்தான் நான் சென்னையில் நிம்மதியாக இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"காலுக்கு என்னடா, நல்லாத்தான் இருக்கு. எங்க நடக்கன்னுதான் தெரியலை."