மரைக்காயரின் பட்டு

பச்சைப் போர்வையின் ஓரத்தைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் அடுக்கடுக்காகத் தடவிக்கொண்டிருந்தார் மஜீத் மரைக்காயர். வியாழன்தோறும் அஸர் தொழுகை முடிந்தால் இதுதான் அவர் வேலை. மலாயாவில், கிள்ளான் ஆற்றங்கரை அவுலியா சமாதியின் வரலாறு வாசல் கல்லில் வெட்டிக் கிடந்தது. அதை அவருக்கு வாசிக்க வராது. அவருடைய வரலாறு கபரின் மேல் கிடந்த ஏழு போர்வைகளில் இருந்தது. வருகிறவர்களிடம் தொட்டுத் தொட்டுச் சொல்வார்.

“அடியில கிடக்குறது பாய்த்துணி. கப்பக்காரங்க போட்டது. அப்ப இங்க அத்தாப்பு ஓலைக் கொட்டாய்தான். இது மெல்லிசு சல்லாத் துணி. வெள்ளத்துல சுவரு விழுந்து திரும்பக் கட்டினப்ப போட்டது. மேல பட்டு இருக்கே, மினாரா எழும்பின வருஷம். யாரு போட்டது? நான்!”

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். தலையில் துணி மூட்டை சுமந்து தோட்டம் தோட்டமாக நடந்து, சொந்தமாகக் கடை வைத்தவர். பட்டின் ஓரத்தில் சரிகையால் பின்னிய தம் பெயர் ஒன்றுதான் அவருக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து.

ஜப்பான்காரன் வந்து மூன்றாம் வருஷம். கடையில் ஒரு முழத் துணி கிடையாது. ஜனங்கள் சாக்கை உடுத்தித் திரிந்தார்கள். பட்டாளத்துக்குச் சாமான் பிடித்துக் கொடுக்கும் இராமலிங்கம் அன்று லோரியோடு வந்து நின்றான்.

“செத்தவருக்கு எதுக்கு மரைக்காரே ஏழு துணி? கொடுங்க, ரெண்டு மூட்டை அரிசி இறக்குறேன்.”

“கொடுத்தா? பாசார்ல முழம் போட்டு விப்பியா? பொம்பளைங்க சாக்கக் கட்டிக்கிட்டு நிக்கிறது உன் கண்ணுல படல, அவுலியா போர்வைதான் பட்டுச்சோ? திருப்புடா லோரிய! இங்கேருந்து ஒரு நூலு வெளிய போவாது!”

லோரி போய்விட்டது. மூச்சு வாங்க நின்றவரை வெளியே மாமரத்தின் மறைவிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. வள்ளியம்மா. சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப்போன புருஷன் திரும்பி வர வேண்டும் என்று வாரந்தோறும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறவள்.

“எண்ணெய வாசல்ல வச்சிட்டேண்ணே. நீங்களே ஊத்திருங்க.”

“ஏன், உள்ள வர உனக்குக் கால் இல்லையா?”

“சாக்கு இத்துப் போச்சுண்ணே. முன்னால புடிச்சா பின்னால கிழியுது. இப்படி எப்படி அவரு முன்னால நிப்பேன்? இனிமே வரமாட்டேன்.”

“அவரு உன்னைக் கேட்டாரா? சாக்கப் பாத்து விரட்டுறவரா அவரு?”

எகிறினார். யார்மேல் எகிறுகிறோம் என்று அவருக்கே பிடிபடவில்லை. ஒரு நூல் போகாது என்று கத்திய வாய் இன்னும் உலர்ந்திருக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய், மேலே கிடந்த பட்டுப் போர்வையை உருவிக்கொண்டு வெளியே வந்தார்.

“ஐயோ, சாமி துணிண்ணே!” என்றாள் அவள்.

“துணிக்காரன் சொல்றேன், சும்மா இரு!”

மரத்தடிக்கு வந்ததும் நின்றார். சரிகை ஓரத்தைப் பல்லால் கடித்து, பெயர் இருந்த பட்டையை நீளக் கிழித்துக் கீழே போட்டார். பிறகு முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு, மிச்சத்தை மரத்தின் பின்னால் நீட்டினார்.