மலைக்கு ஓடிப்போன கொலைகாரன்

அந்தக் கொலைகாரன் எங்கள் ஜவ்வாது மலையில்தான் ஒளிந்திருக்கிறான் என்று நம்பினேன். சின்ன வயதில் நம்பியதைச் சொல்வதில் வெட்கமில்லை. மீசை நரைத்த பிறகும் மழை நாளில் தனியாகக் கொல்லைக்குப் போகாமல் இருந்தேனே, அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

தப்பு என்னுடையதல்ல, பஸ்ஸுடையது. எண்பதுகளில் போளூர் தியேட்டரில் மேட்னி முடிவதற்குள் மலைக்குக் கடைசி பஸ் கிளம்பிவிடும். அதனால் மலைக்காரர்கள் யாரும் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. கல்யாணம் நடந்ததா, வில்லன் செத்தானா எல்லாவற்றையும் பஸ்ஸில் உட்கார்ந்து நாங்களே பேசி முடித்துக்கொள்வோம். சண்டை வந்தால் கண்டக்டர் தீர்ப்பு சொல்வார். அவர் போளூர்க்காரர், இரண்டாம் ஆட்டம் பார்க்கிறவர். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பெரியப்பா மகனான அண்ணனோடு நான் பார்த்த அந்தத் த்ரில்லரின் பெயர் எங்கள் இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது. ஒரு பங்களா, விடாத மழை. தலையை மூடிய கறுப்பு ரெயின்கோட்டில் ஓர் உருவம் வரும். தீக்குச்சியை உரசும், முகம் தெரிவதற்குள் ஊதி அணைக்கும். அடுத்த காட்சியில் பிணம். யார் என்று தெரியப்போகிற நேரத்தில் பெரியப்பா எங்கள் காதைப் பிடித்து வெளியே இழுத்தார். “பஸ்ஸு போய்டும், வாங்கடா!”

பஸ்ஸில் நான் சொன்னேன்: “கொல பண்றது அந்த அத்தைதான்.” கதாநாயகியின் அத்தை. வீட்டில் பிணம் விழுந்து எல்லோரும் கத்தும்போது அவள் மட்டும் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸே சிரித்தது. “வாட்ச்மேன்டா, மடையா” என்றான் அண்ணன். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “வாட்ச்மேன்தான். ஆனா புடிபடல. மலைக்கு ஓடிட்டான்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

எந்த மலைக்கு என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததே ஒரு மலைதான்.

பஸ் மேலே ஏற ஏற மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் மழைக்குக் குடை பிடிக்க மாட்டார்கள். சாக்கின் ஒரு மூலையை உள்ளே தள்ளி, தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். கொங்காணி என்போம். அன்றைக்குச் சாமைக் கொல்லை முழுக்கக் கொங்காணிகள். முகம் தெரியவில்லை, கையில் களைக்கொத்து. ஒரு கொலைகாரனுக்கே பயந்துகொண்டிருந்தவனுக்கு ஊரே கொலைகாரர்களாகத் தெரிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு கொங்காணி என் கையைப் பிடித்தது. அலறிக்கொண்டு ஓடினேன். என்னைக் கூட்டிப்போக வந்த என் சொந்த அப்பா, பின்னாலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

அண்ணனுக்கும் எனக்கும் மீசை முளைத்ததும் முதல் வேலையாக அதைப் பந்தயம் கட்டினோம். அத்தையா, வாட்ச்மேனா? வெயில் நாளில் எனக்கு அத்தைதான்; மழை பிடித்தால் மட்டும் கண்டக்டர் சொன்ன வாட்ச்மேன். தோற்றவன் மீசையை எடுத்துவிட வேண்டும். படம் கைக்குக் கிடைக்கவே கிடைக்காது என்ற தைரியம். என் மீசைக்குக் கீழே மேலுதடு என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று என் மனைவிகூடப் பார்த்ததில்லை.

போன ஆடியில், வேலூரில் வேலை பார்க்கும் என் மகள் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். மழை பெய்த ஒரு பகலில் டிவி முன் மூன்று பேர்: நான், அண்ணன், மலைக்குக் கீழே கணியம்பாடியில் பிறந்து எல்லாப் படத்தையும் கடைசிவரை பார்த்து வளர்ந்த என் மனைவி.

“இன்னாங்க, போர்வை எதுக்கு?”

“குளிருது.”

“எனக்குக் குளிரலியே.”

அத்தை டம்ளர் பொறுக்கும் இடம் வந்தது. “பாத்தியா, பாத்தியா!” என்றேன்.

“கொல வுழுந்தா மட்டும் டம்ளர யாரு எடுப்பா? நாங்கதான எடுக்கணும்?” என்றாள் மனைவி.

எனக்கு வியர்த்தது. காட்சிக்குக் காட்சி வாட்ச்மேன் வேறு திருட்டு முழி முழித்தான். அண்ணன் மீசையை முறுக்கினான். “தம்பி, போளூர்ல சலூன் எப்போ தொறப்பான்?” வெளியே கன்றுக்குட்டி கத்தியது. “அவுத்துக் கட்டிட்டு வர்றேன். படத்த நிறுத்தாதம்மா, முடிவுதான் எனக்குத் தெரியுமே” என்று எழுந்து போனான்.

திரையில் இருட்டு. தீக்குச்சி உரசும் சத்தம். அதே நேரம் எங்கள் வீட்டுக் கதவு கிரீச்சென்று திறந்தது. வாசலில் தலை மூடிய கறுப்பு உருவம், முகம் தெரியவில்லை.

நான் போட்ட சத்தத்தில் கன்றுக்குட்டி கத்துவதை நிறுத்திவிட்டது. போர்வையோடு கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டேன்.

“இன்னாடா, நான்தான்டா!” என்று கொங்காணியை உதறினான் அண்ணன். நான் தலையை நீட்டியபோது திரையில் ‘வணக்கம்’ ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறையும் இரண்டு மலைக்காரர்களும் முடிவைப் பார்க்கவில்லை.

“யாரும்மா அது?” என்றான் அண்ணன்.

மனைவி ரிமோட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். “ஒங்களுக்கு முடிவெல்லாம் எதுக்கு மாமா? பஸ்ஸு வந்துடும், கெளம்புங்க.”

கெஞ்சினோம். நான் ஒரு மாதத்துக்கு டம்ளர் கழுவுவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் படத்தைப் பின்னால் ஓட்டினாள். போர்வையை அவளே பிடுங்கிக்கொண்டாள். தீக்குச்சி எரிந்தது. ரெயின்கோட்டின் தலைமூடி விலகியது. நான் கண்ணை மூடவில்லை.

அடுத்த நிமிஷம் அண்ணனின் கொங்காணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கொட்டுகிற மழையில், தன்னந்தனியாக, கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கூவிக்கொண்டேதான் வந்தேன்.

கொலை செய்தது அத்தை. கண்டக்டர் என்னிடம் அளந்ததுபோல் வாட்ச்மேன் எந்த மலைக்கும் ஓடவில்லை, கடைசிவரை கேட்டிலேயே நின்றான். மறுநாள் போளூர் சலூனில் அண்ணன் மீசையை எடுத்துக்கொண்டான்.