தாலி கட்டும் நேரத்து நெரிசல்

கல்யாணத்தை இணையத்தில் நேரலையாக அனுப்பிப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு முகூர்த்த நேரம்தான் ராகுகாலம்.

கட்டம் கட்டமாக மாப்பிள்ளை

குரங்கணி மலையூரில் ஓர் ஏலக்காய் வியாபாரி வீட்டுக் கல்யாணம். பெண்ணின் அம்மா ராசாத்தியம்மா கால் முறிந்து மலைக்குக் கீழே போடியில் கட்டிலோடு கிடந்தார். மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அவர் பார்ப்பதற்காகவே என்னை அமர்த்தியிருந்தார்கள். முந்தின நாள் காலி மண்டபத்திலிருந்து அனுப்பிப் பார்த்தபோது படம் கண்ணாடி மாதிரிப் போனது. அந்தத் தெம்பில் இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் வைத்துவிட்டேன்.

காலையில் கூட்டம் கூடியதும் படம் அப்படியே நின்றுவிட்டது. தரத்தைக் குறைத்தேன். நகர்ந்தது, ஆனால் போனில் ராசாத்தியம்மாவின் குரல் கலங்கியிருந்தது.

"அண்ணே, மாப்ள மூஞ்சி கட்டம் கட்டமாத் தெரியுது. நல்ல மூஞ்சிதானண்ணே பாத்து முடிச்சோம்?"

முதல் வரிசைச் சித்தப்பா

நெரிசல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் தரத்தைக் குறைத்துக்கொண்டே போகிறேனே, இத்தனை வருடத்தில் என்னதான் கற்றேன் என்று என் மேலேயே சந்தேகம் வந்தது. கேமராவை விட்டுத் திரும்பிப் பார்த்தேன். மண்டபம் முழுக்கக் குனிந்த தலைகள். யாரோ நேரலை இணைப்பைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட, எல்லார் போனிலும் என் நேரலைதான். ஊருக்கு இருப்பதோ ஒரே டவர். நான் அனுப்புவதும் இவர்கள் பார்ப்பதும் அதன் வழியேதான் போகவேண்டும்.

எதிரே நடக்கும் கல்யாணத்தை ஏன் போனில் பார்க்கிறீர்கள் என்று முதல் வரிசையில் இருந்த பெண்ணின் சித்தப்பாவிடம் கேட்டேன். மேடையை அடைத்து நின்ற போட்டோக்காரர்களைத் தாடையால் காட்டினார்.

"அங்க பாத்தா இவுக முதுகுதான் தெரியுது அப்பு. இதுலதான் பொண்ணு தெரியுது."

ரசம்

சாப்பாட்டுக் கூடத்து டிவியைத் தூக்கி வந்து மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கேமராவிலிருந்து நேரே ஒயர் கொடுத்தேன். போனில் பார்ப்பதை நிறுத்தினால்தான் பெற்றவள் தாலியைப் பார்க்க முடியும் என்று மைக்கில் சொன்னேன். சித்தப்பா எழுந்து நின்று எல்லாரையும் ஒரு முறை முறைத்தார். போன்கள் பைக்குள் போயின. நெரிசல் விட்டது.

இந்தத் தடவை ஆசைப்படவில்லை. முதலில் சத்தம், அது போய்ச் சேர்ந்தது தெரிந்தபின் படம், பிறகு தரத்தைப் படிப்படியாக ஏற்றினேன். போடிமெட்டு மலைப்பாதை வளைவில் ஏறும் ஜீப்புக்கு இறங்கும் ஜீப் ஒதுங்குவதுபோல, நெருக்கடி வந்தால் சத்தத்துக்குப் படம் ஒதுங்கும்படி வைத்தேன். கெட்டிமேளம் முழங்க, மூன்று முடிச்சும் முழுசாகப் போய்ச் சேர்ந்தன. போனில் அழுகை மட்டும் கேட்டது. அந்தச் சந்தோஷத்தில் கேமராவைப் பந்திப் பக்கமும் திருப்பினேன். மறுபடி போன்.

"அண்ணே, தாலியக் கண்ணு நெறையப் பாத்துட்டேன். ரசம் தண்ணியா ஓடுது, இங்கருந்தே தெரியுது. வெரசா எங்க வீட்டுக்காரருட்டச் சொல்லுங்க."

தாலி தெரியும்படியும் ரசம் தெரியாதபடியும் தரத்தை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.