வெளிக்கிட்டவர்

1999 ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை. காலை 5:25க்கு விழித்தேன். டென்ட்டுக்கு வெளியே நாற்பத்தொரு டிகிரி ஃபாரன்ஹீட், நல்ல குளிர். ஷூவைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்துப் போட்டுக்கொண்டு, ஏரிக்கரைக்குப் போய் ஃபில்டர் பம்பில் இரண்டு பாட்டில் தண்ணீர் பிடித்தேன். ஒரு பாட்டில் நிறையத் தொண்ணூறு முறை அடிக்க வேண்டும். பல் தேய்த்து, கரையிலிருந்து எழுபது தப்படி தள்ளிப் போய்க் கொப்பளித்தேன். தண்ணீர் பக்கத்தில் துப்பக் கூடாது என்பது அங்கே விதி. கரடி திறக்க முடியாத சாப்பாட்டு டப்பாவை எடுத்து வந்து, அடுப்பைப் பற்றவைத்துக் காபிக்குத் தண்ணீர் வைத்தபோது 5:55. மனைவி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

கலிஃபோர்னியாவில் நாங்கள் குடியிருக்கும் ஃப்ரீமான்டிலிருந்து வடக்கே ஒரு பகல் நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது அந்த ஏரி. எப்போதோ எரிமலை கக்கிய குழம்பு ஒரு பள்ளத்தாக்கின் வாயை அடைத்துவிட, பின்னால் தண்ணீர் தேங்கி உண்டானது. மேற்குக் கரையில் உடைத்துக் கொட்டிய தார் ரோடு போலக் கறுப்புக் கல் கிடக்கிறது. கல்லையும் ஏரியையும் சேர்த்துச் சுற்றிவரப் பதினான்கு மைல். சனிக்கிழமை ஏழு மைல் நடந்து தென்கரையில் தங்கினோம். மீதி ஏழு ஞாயிற்றுக்கிழமைக்கு.

முதல் நாள் மாலை எங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு டென்ட் இருந்தது. அதிலிருந்து வந்த அம்மாள் எங்கள் டப்பாவை எட்டிப் பார்த்து, "தேசிக்காய்ச் சோறோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"லெமன் ரைஸுங்க" என்றாள் என் மனைவி. காட்டுக்குள் தமிழ் கேட்ட மகிழ்ச்சியில் பாதியை எடுத்து அவர் தட்டில் வைத்துவிட்டாள்.

யாழ்ப்பாணத்துக்காரர்கள். சான் ஹோசேயில் பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கணவருக்கு அறுபத்திரண்டு வயது. முந்தின வருடம் பைபாஸ் நடந்திருந்தது. சாப்பிட்டபடியே அந்த அம்மாள் கதையைச் சொன்னார்.

"மகன் டெக்சஸில, கேட்டியில இருக்கிறான். வீட்டை வித்துப்போட்டுத் தன்னோட வந்து இருங்கோ எண்டு ஒரே பிடி. இவருக்கு மனமில்லை. நான் சொல்லிப்போட்டன். உங்கட பையை நீங்களே சுமந்து இந்த ஏரியைச் சுத்தி முடியுங்கோ, வீட்டை விக்கேல்லை. ஏலாதெண்டால் கேட்டிதான்."

"நீதவான் தீர்ப்புச் சொல்லியாச்சு. அப்பீலும் இல்லை" என்றார் கணவர்.

டென்ட், படுக்கை எல்லாம் அந்த அம்மாளின் முதுகில். கணவர் பையில் தண்ணீரும் மருந்தும் மாற்றுத் துணியும் மட்டும். அதைத் தரையில் வைக்கும்போதெல்லாம் அவருக்கு மூச்சு வாங்கியது.

ஞாயிறு காலைக்கு வருகிறேன். 6:10க்கு அந்த அம்மாளின் கணவர் தன் சிவப்புப் பையை மாட்டிக்கொண்டு என் அடுப்பருகே வந்தார். குரலைத் தாழ்த்தி, "தம்பி, நான் வெளிக்கிடப் போறன். மனிசி எழும்பினால் சொல்லிவிடுங்கோ, என்ன" என்றார்.

நான் கோயம்புத்தூர்க்காரன். எங்கள் பக்கம் 'வெளிக்கு' என்று தொடங்கும் பேச்சுக்குக் காலைவேளையில் ஒரே பொருள்தான்: கொல்லைக்குப் போவது. இதை என்னிடம் சொல்வானேன், மனைவிக்கு வேறு தகவல் சொல்லச் சொல்வானேன் என்று கூச்சமாக இருந்தது. இருந்தாலும், இதய ஆபரேஷன் ஆனவர், புதருக்குள் ஒதுங்கும்போது யாரிடமாவது சொல்லிவிட்டுப் போவது நல்லதுதான். மண் தோண்டும் சிறு கரண்டியும் காகிதமும் பைக்குள் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். "தாராளமா போயிட்டு வாங்க சார்" என்றேன். எந்தப் பக்கம் போகிறார் என்று பார்ப்பது நாகரிகமில்லை என்பதால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சொன்னதை நேரத்தோடு நோட்டில் குறித்தேன். அன்றாடம் நடப்பதையெல்லாம் அப்படித்தான் குறிப்பது.

6:40க்கு அந்த அம்மாள் எழுந்து, "எங்கட ஆள் எங்க?" என்றார்.

"இங்க பக்கத்துலதாங்க போயிருக்கார். வந்துடுவார்."

அவர் நம்பி உட்கார்ந்து காபி குடித்தார். 7:10க்கு என் மனைவி என்னைத் தனியே இழுத்தாள்.

"ஏங்க, ஒரு மணி நேரமாச்சு. அவ்வளவு நேரமா?"

"நேத்து உன் லெமன் ரைஸ் சாப்பிட்டாரில்ல."

"என் லெமன் ரைஸ்ல என்ன குத்தம் கண்டீங்க? எந்திரிங்க, போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். புதர் புதராக, முதலில் இருமிவிட்டு, பிறகு கூப்பிட்டபடி. ஆள் இல்லை. 7:30க்கு அந்த அம்மாளும் தேட வந்தார். "இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ!" என்று அவர் கத்தியது ஏரிக்கு அந்தப் பக்கம் மோதித் திரும்பி வந்தது. பெயர் சொல்லாமல் கணவரைக் கூப்பிடும் அந்தச் சொல்லை அதற்கு முன் அத்தனை சத்தமாக நான் கேட்டதில்லை.

சத்தம் கேட்டு, தெற்கேயிருந்து தனியாக நடந்து வந்துகொண்டிருந்த ஓர் இளம் அமெரிக்கப் பெண் எங்களிடம் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பையைக் கீழே போட்டாள். நேற்று நாங்கள் வந்த மேற்குப் பாதையில் தான் ஓடினால் ஒன்றரை மணி நேரத்தில் ரேஞ்சரிடம் சேர்ந்துவிடலாம் என்றாள்.

"ஸ்ட்ரெச்சரோட வருவினம்" என்றார் அந்த அம்மாள் மெதுவாக. "அதில படுத்துக்கொண்டு போனாரெண்டால் கேட்டிதான். பரவாயில்லை. ஆள் கிடைச்சால் போதும்."

அந்தப் பெண் ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டே விவரம் கேட்டு, வரைபடத்தின் ஓரத்தில் எழுதினாள். வயது, சட்டை நிறம், பை நிறம், கடைசியாகப் பார்த்த நேரம். பிறகு, அவர் சரியாக என்ன சொன்னார் என்றாள். நோட்டைத் திறந்தேன். அவசரத்தில் ஆங்கிலம் வரவில்லை, எழுதியிருந்தபடியே வாசித்தேன். "தம்பி, நான் வெளிக்கிடப் போறன்."

"என்ன? திரும்ப வாசியுங்கோ" என்றார் அந்த அம்மாள்.

வாசித்தேன்.

"வெளிக்கிடுறதெண்டால் புறப்படுறதெல்லோ! அவர் முன்னால நடக்கத் துவங்கியிட்டார்! நீங்கள் என்னெண்டு நினைச்சனீங்கள்?"

நான் நோட்டை மூடினேன். என் மனைவி சொல்லிவிட்டாள், கொஞ்சமும் மறைக்காமல். அந்த அம்மாள் ஊசியிலைகள் மேல் அப்படியே உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முகத்தை மூடிக்கொண்டார். அமெரிக்கப் பெண்ணுக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, நல்லவேளை, இல்லாவிட்டால் கொல்லைக்குப் போனவரைக் காணோம் என்றே ரேஞ்சரிடம் சொல்லியிருப்பேன் என்றாள். நாங்கள் கொடுத்த கடலை மிட்டாயைத் தின்றுகொண்டே மேற்கே போய்விட்டாள்.

8:15க்குக் கிளம்பினோம். 10:05க்கு அவரைக் கண்டோம், கிழக்குக் கரையில், விழுந்து கிடந்த மரத்தின் மேல். முகம் வெளுத்திருந்தது.

"எங்க போனனீங்கள் எல்லாரும்?" என்று கோபித்தார். "நான் மெதுவா நடக்கிற ஆள், அதுதான் வேளைக்கு வெளிக்கிட்டனான். நாலு மைல் போய் இருந்து பார்த்தன். காணேல்லை. உனக்கு ஏதும் ஆச்சோ எண்டு அரை மைல் திரும்பி வந்தன்."

போக வர ஒரு மைல் அதிகம். இன்னும் மூன்றரை மைலும் நடுவில் ஒரு மேடும் இருந்தன. எழுந்தவர் நாலு எட்டு வைத்து நின்றார்.

"பையைக் குடுங்க சார், நான் தூக்கறேன்" என்றேன்.

"தூக்கினால் சரிவராது, தம்பி. நீதவான் பக்கத்தில நிக்கிறா."

அந்த அம்மாள் அவரைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இந்தத் தம்பியின்ர பிழையாலதான் நீங்கள் ஒரு மைல் கூட நடந்தனீங்கள். அந்த ஒரு மைலுக்கு இவர் சுமக்கட்டும். அது ஞாயம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது: கேட்டிக்குப் போக அந்த அம்மாளுக்கும் மனமில்லை. மேடு முழுவதும் சிவப்புப் பை என் நெஞ்சிலும் என் பை முதுகிலுமாக ஏறினேன். பார்த்தால் ஒரு மைலைவிடச் சற்று அதிகம், நீதவான் கண்டுகொள்ளவில்லை. உச்சியில் கணவர் பையைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். 1:20க்குக் கார் நிறுத்துமிடத்தைத் தொட்டோம். அவர் தன் காரின் பானெட்டில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். கார் ஓட்ட யாருக்கும் தெம்பில்லாததால் அன்றிரவு பக்கத்து முகாமிலேயே தங்கினோம்.

மறுநாள் திங்கள். 6:20க்கு, காபிக்கும் முன்னால், அவரை என் காரில் நெடுஞ்சாலைக் கடைக்குக் கூட்டிப் போனேன். டெக்சஸில் அப்போது 8:20. மகன் வேலைக்குக் கிளம்புமுன் பிடிக்க வேண்டும். கடை திறக்கவில்லை, சுவரோரம் போன் இருந்தது. போன் கார்டின் எண்களை நான் வாசிக்க, அவர் அழுத்தினார்.

"தம்பி, அப்பா கதைக்கிறன். ஓம், சுத்தி முடிச்சாச்சு. வீடு விக்கேல்லை. நத்தார் லீவுக்கு, டிசம்பரில வருவம், பத்து நாள் நிப்பம்." மறுமுனையில் ஏதோ கேள்வி. அவர் என்னைப் பார்த்துவிட்டுப் போன் பக்கம் திரும்பினார். "பையோ? நான்தான் சுமந்தனான். பெரும்பாலும் நான்தான்."